ரீட் வால்வை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு மோட்டார் பக்கத்தில் டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பேட்டரி வண்டி மட்டுமே செய்தியாகிற இந்தக் காலத்தில் டூ-ஸ்ட்ரோக்குக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 'கார்பன் ரீட் போட்டால் பவர் கூடும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இதே வரியை யாரோ சொல்லக் கேட்டுத்தான் என் அக்கா மகன் போன வருஷம் ஒரு பிஸ்டனைத் தொலைத்தான், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரீட் வால்வ் என்பது கார்புரேட்டருக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவில் இருக்கிற ஒருவழிக் கதவு, அவ்வளவுதான். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே உறிஞ்சும், மெல்லிய தகடுகள் திறந்து பெட்ரோலும் காற்றும் ஆயிலும் உள்ளே வரும். பிஸ்டன் இறங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறித் தகடுகள் மூடிக்கொள்ளும், வந்த கலவை திரும்பிப் போக வழியில்லாமல் சிலிண்டருக்கு ஏறும். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆர்எக்ஸ் 100-லும் இதே ஏற்பாடுதான், 98 சிசி-யில் 11 குதிரைத்திறன் கொடுத்த வண்டி அது. இன்ஜின் நிமிஷத்துக்கு 9,000 சுற்று சுற்றினால் அந்தத் தகடு நொடிக்கு 150 தடவை திறந்து மூட வேண்டும். காகிதம் மாதிரி இருக்கிற ஒரு தகடு செய்கிற வேலை இது.

அதனால் தகடு எதனால் ஆனது, எவ்வளவு விறைப்பு என்பது முக்கியம்தான், அதில் கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை. மெல்லிய தகடு லேசான உறிஞ்சலுக்கே திறக்கும், கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப் நன்றாக இருக்கும், ஆனால் மேலே போகப் போக மூட நேரமில்லாமல் படபடக்கும். விறைப்பான தகடு இதற்கு நேர் எதிர். கார்பன் ஃபைபர் தகடு எடை குறைவு, சொன்ன நேரத்தில் மூடும், தேய்ந்தால் ஓரம் நார் நாராகப் பிரியும். பழைய எஃகுத் தகடு உடைந்தால் துண்டு நேராக இன்ஜினுக்குள் போய் பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிடும், எங்கள் தெருவிலேயே இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். வி-ஃபோர்ஸ் மாதிரி வருகிற செட்டுகளில் திறக்கிற முனைகள் இரண்டு மடங்கு, ஒவ்வொரு தகடும் பாதி தூரம் அசைந்தால் போதும். அதுவும் நல்ல பொருள்தான்.

சரி, மருமகன் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய 125 சிசி மோட்டோகிராஸ் வண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மண் டிராக்கில் மட்டும் ஓட்டுவான், ரோட்டில் எடுக்க மாட்டான். வண்டி மந்தமாக இருக்கிறது என்று கார்பன் ரீட் வாங்கி ராத்திரி உட்கார்ந்து தானே மாட்டினான். ரீட் உட்காருகிற இடத்தில் காற்று கசியாமல் அடைக்கிற பழைய பேக்கிங் கழற்றும்போது ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது, புதிது இல்லை, சிலிக்கான் தடவி அப்படியே வைத்து முறுக்கிவிட்டான். கார்புரேட்டரில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற ஜெட்டைத் தொடவே இல்லை. மறுநாள் டிராக்கில் வண்டி பறந்தது என்றான், போன் பண்ணிச் சந்தோஷப்பட்டான். அப்போது அவன் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உறுத்தியது: ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்கவில்லையாம், கொஞ்ச நேரம் அப்படியே நின்று பிறகுதான் இறங்குகிறதாம். அவன் அதைப் பவர் என்று நினைத்தான். எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. உடனே நிறுத்தச் சொன்னேன், இன்னும் நாலு ரவுண்டு மட்டும் என்றான். மூன்றாவது ரவுண்டில் நேர்கோட்டில் பின்சக்கரம் பிடித்துக்கொண்டது.

பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழே கோடு கோடாகக் கீறல், அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. ஆர்எக்ஸ் என்றால் சிலிண்டரை உள்ளே கடைந்து ரீபோர் போட்டுவிடலாம், இந்த வகைச் சிலிண்டரில் உள்ளே நிக்கல் பூச்சு, அதைப் போர் அடிக்க முடியாது, திரும்பப் பூச்சுதான் போட வேண்டும். பெட்ரோல் குறைந்து காற்று கூடி லீனாக ஓடுகிற டூ-ஸ்ட்ரோக் சூடேறி ஜாம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ரொம்ப நன்றாக ஓடும், பையன்களை ஏமாற்றுவது இதுதான்.

அதைவிட எனக்கு வருத்தம், கழற்றிப்போட்ட பழைய ரீட் பிளாக்கை, அதாவது தகடுகள் மாட்டியிருக்கிற கூட்டை, எடுத்து டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தபோது. தகடு உட்காருகிற இடத்தில் ஒரு பக்கம் முழுக்க வெளிச்சக் கோடு தெரிந்தது. உள்ளே கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினேன், சொட்டுச் சொட்டாக ஒழுகியது. இந்த இடைவெளிக்கு 0.2, 0.3 மில்லிமீட்டர் என்று மேனுவலில் எல்லை இருக்கும், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வைத்தால் ஒரு நிமிஷ வேலை. அதாவது வண்டி மந்தமாக இருந்ததற்குக் காரணம் தேய்ந்துபோன தகடு. கம்பெனித் தகடே புதிதாகப் போட்டிருந்தால் அவன் தேடிய பிக்கப்பில் பெரும்பகுதி திரும்பி வந்திருக்கும். கார்பன் போட்டதால் வந்தது என்று பலர் சொல்கிற பவரில் பாதி, பழைய தகடு போனதால் வந்ததுதான் என்பது என் அனுபவம்.

இன்ஜினைத் திரும்பச் சேர்த்தபோது அதே கார்பன் ரீட்டைத்தான் போட்டோம், புதுப் பேக்கிங்கோடு. மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் ஏற்றி ஆரம்பித்தோம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கழற்றி நிறம் பார்த்து ஒன்று இறக்கினோம். இப்போது வளைவிலிருந்து மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு வருகிறது, முன்பு இரண்டாவதுக்கு இறக்க வேண்டும். டாப் ஸ்பீடில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுவே கலவையை லீன் பக்கம் தள்ளும், பழைய மேனுவல் ஜெட் நம்பரை அப்படியே நம்ப முடியாது. அப்புறம் மே மாத மதியம் செட் பண்ணிய ஜெட்டோடு ஜனவரி விடியற்காலையில் டிராக்குக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோல் கூடத் தேவை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ரீட் இன்னும் அகலமாகத் திறக்கட்டும் என்று அது எவ்வளவு திறக்கலாம் என்று தடுத்து நிறுத்துகிற ஸ்டாப்பர் தகட்டை வளைத்து வைக்கிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. ரீட் தகடு அளவுக்கு மேல் வளைந்து வளைந்து அடியில் வெடிப்பு விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த தடவை இந்த விஷயம் போடும்போது ரீட் படத்துக்குப் பக்கத்திலேயே பேக்கிங்கையும் ஜெட்டையும் போடுங்கள், ஆக்சிலேட்டரை விட்டும் ஆர்பிஎம் இறங்கவில்லை என்றால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லி ஒரு வரி சேருங்கள். உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் காலேஜ் பையன்கள். அந்தப் பேக்கிங் விலை ஒரு பிளேட் பிரியாணிக்கும் குறைவு, பிஸ்டனும் பூச்சும் என் மருமகனின் மூன்று மாதச் சம்பளம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பெரம்பூர், சென்னை-11.