பொம்மலாட்ட அருங்காட்சியகத்தில் பாவைகளை ஆடும் நிலையில் காட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி ஓவிய ஆசிரியை
(பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை

பொருள்: பொம்மலாட்ட அருங்காட்சியகம் – நிழல்திரை, தொட்டுப் பார்க்கும் பாவைகள், விளக்கப் பலகைகள், வாராந்திர நிகழ்ச்சி – ஏற்பாடு செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் துறையின் பொறுப்பில் உள்ள பொம்மலாட்ட அருங்காட்சியகத்துக்குச் சென்ற மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அங்குள்ள சேகரிப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தோல்பாவை, நூல்பாவை, கோல்பாவை, கைப்பாவை என நான்கு வகையும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஜாவாவின் தோல்பாவையான வயாங் குலித், ஜப்பானின் பாவைக்கூத்தான புன்ராகு, சிசிலியின் இரும்புக் கவசம் பூட்டிய வீரர்கள் என்று பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். இவற்றையெல்லாம் தேடிச் சேர்த்தவர்களுக்கு முதலில் நன்றி. என் மனு, அவை வைக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றியது.

புன்ராகு பெட்டியின் முன்னால் நின்ற ஒரு சிறுமி, "டீச்சர், இந்தப் பொம்மைக்குக் கால் உடைஞ்சுபோச்சு" என்றாள். குனிந்து பார்த்தேன். கிமோனோ அங்கிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்த சீட்டில் "பெண் பாவை, மரம், துணி, ஜப்பான்" என்று மட்டும் எழுதியிருந்தது. உண்மையில் அது உடையவில்லை. புன்ராகுவில் பெண் பாவைகளுக்குப் பெரும்பாலும் கால் வைப்பதே கிடையாது. ஒரு பாவையை மூன்று பேர் ஆட்டுவார்கள். முதன்மைக் கலைஞர் தலையையும் வலக்கையையும் பார்த்துக்கொள்வார், இரண்டாமவர் இடக்கையை. மூன்றாமவர் கிமோனோவின் விளிம்பைப் பிடித்து அசைத்தே நடையைக் கொண்டுவந்துவிடுவார்; முழங்கால் மடிவது போலக் காட்ட உள்ளே கைமுஷ்டியை வைத்து அழுத்துவார். கால் ஆட்டப் பழகப் பத்து ஆண்டு, இடக்கைக்கு இன்னொரு பத்து என்று அந்தக் கலையில் ஒரு கணக்குச் சொல்வார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகள் திரும்ப ஓடிப்போய் அதே பெட்டியைப் பார்த்தார்கள். ஒருவன் தன் சட்டை விளிம்பைப் பிடித்து நடத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். இந்த விவரம் மொத்தமும் நான்கு வரிதான், ஐயா. அந்தச் சீட்டிலேயே எழுதிவிடலாம்.

அடுத்த கூடத்தில் தோல்பாவைகள். அங்குதான் எனக்கு மனசு கேட்கவில்லை. தமிழகத்தில் ஆட்டுத்தோல், ஜாவாவில் எருமைத்தோல், துருக்கியின் கராகோஸ் நிழற்கூத்துக்கு ஒட்டகத்தோல் என்று இடத்துக்கு இடம் தோல் மாறும். ஆனால் எல்லாமே வெளிச்சத்துக்காகச் செய்தவை. ராமர் பாவையின் இடுப்பு ஆடையில் மட்டும் நூற்றுக்கணக்கில் துளைகள் இருந்தன; அரிசி முனை அளவுகூட இல்லாத துளைகள். அந்தப் பாவையைக் கருநீலப் பலகையில் ஆணி அடித்துப் பொருத்தி, முன்னாலிருந்து விளக்கு போட்டிருக்கிறார்கள். துளை ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது, பூச்சி அரித்த மாதிரி. ஒரு பையன் பின்பக்கமிருந்து கைப்பேசி விளக்கை அடிக்கப் போனான், பாதுகாவலர் தடுத்துவிட்டார்.

அவர் தடுத்தது சரிதான். பழைய தோலும் சாயமும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். இப்படிப்பட்ட பொருள்களுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் ஒளி வேண்டாம் என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. ஆகவே பழைய பாவைகளுக்குப் பின்னொளி போடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். இன்றும் பாவை செய்யும் கலைஞர்களிடம் புதிதாக ஐந்தாறு நகல் பாவைகள் வாங்கி, ஒரு வெள்ளைத் திரை கட்டி, பின்னால் விளக்கு வைத்தால் போதும். திரையின் இரண்டு பக்கமும் ஆள் போக வழி விட வேண்டும். ஜாவாவில் டாலாங் என்ற ஒரே கலைஞர் இரவு முழுக்க எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாருக்கும் குரலும் கொடுப்பார். அவர் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவர்களும் உண்டு, நிழல் பக்கம் உட்காருபவர்களும் உண்டு. விளக்கு விஷயத்தில் ஒரு சின்ன வேண்டுகோள்: கொஞ்சம் அசைகிற ஒளியாக இருக்கட்டும். கேரளத்துத் தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு ஏற்றுவார்கள். சுடர் ஆடும்போது பாவை மூச்சு விடுவது போலிருக்கும். அருங்காட்சியகத்தில் தீ வைக்க முடியாதுதான்; சுடர் போல மினுங்கும் மின்விளக்குகள் கிடைக்கின்றன.

தமிழக பொம்மலாட்டப் பாவையும் இதே கதைதான். அதை நைலான் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆட்டத்தின்போது, துணி சுற்றிய இரும்பு வளையத்தை ஆட்டுபவர் சும்மாடு போலத் தலையில் வைத்துக்கொள்வார். பாவையின் கயிறுகள் அந்த வளையத்தில் கட்டியிருக்கும், பாவையின் கைகளை அவர் கம்பிகளால் இயக்குவார். நாலரை அடி உயரம், பத்து கிலோ எடை வரை போகும் பாவைகள் உண்டு. அந்த வளையம் காட்சியில் இல்லவே இல்லை. அதையும் வைத்து, தொட்டுத் தூக்கிப் பார்க்க ஒரு நகல் பாவையும் கொடுத்தால், கலைஞரின் கழுத்து என்ன பாடு படும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லவே வேண்டாம்.

நுழைவாயில் பலகையில் வயாங், புன்ராகு, சிசிலியப் பாவைக்கூத்து ஆகியவை 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அது பொருள்களுக்கான பட்டியல் அல்ல, நிகழ்த்தும் கலைக்கான பட்டியல் என்பது தாங்கள் அறியாததல்ல. எனவே வாரம் ஒரு முறையாவது கலைஞர்களை வரவழைத்து அரைமணி நேரம் கூத்து நடத்த வேண்டுகிறேன். ஊதியத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும். பில் பாஸ் ஆகட்டும் என்று அலையவிட்டால் அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள். அப்புறம், பாவை செய்தவரின் பெயர் பதிவேட்டில் இருந்தால் சீட்டில் போடுங்கள். பெட்டிகளும் சிறுவர்களின் கண் உயரத்துக்குக் கொஞ்சம் இறங்க வேண்டும்.

பள்ளிக்குத் திரும்பியதும் பார்த்ததை வரையச் சொன்னேன். 32 படங்களையும் இணைத்திருக்கிறேன். பாதிப் பேர் பாவையோடு கண்ணாடிப் பெட்டியையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். சிலர் ஆணியைக்கூட விடவில்லை.

திரை அமைக்கும் வேலைக்குக் காப்பாளர் அழைத்தால் எந்தச் சனிக்கிழமையும் வந்து உதவத் தயாராக இருக்கிறேன். ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓவிய ஆசிரியை

இணைப்பு: மாணவர் படங்கள் – 32