பத்து வருடம் போனால் தானாக வந்துவிடுமா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

"பத்து வருடம் போகட்டும், எல்லாம் தானாகக் கைவந்துவிடும்" என்று உங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர் சொன்னதாகச் சொன்னாய். புதிதாக வந்த பையன் மனம் தளர்ந்துவிடக் கூடாதே என்று அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதை நம்பி நீ பத்து வருடம் காத்திருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

என் தொழிலான மனநல ஆலோசனையைப் பற்றியே முதலில் சொல்கிறேன். 2005இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆலோசனைக்கு வந்த 550 பேரில் யார் யாருடைய நிலைமை மோசமாகும் என்று ஆலோசகர்களிடமே கேட்டார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அந்த மூன்று கணிப்பிலும் ஒன்றுதான் சரி. 2012இல் வந்த வேறோர் ஆய்வில், மனநல நிபுணர்களிடம் தங்கள் திறமையைத் தாங்களே மதிப்பிடச் சொன்னபோது, சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடத் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. கால்வாசிப் பேர், தாங்கள் முதல் பத்து சதவீதத்தில் இருப்பதாக நினைத்தார்கள். பிறகு 2016இல் 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அனுபவம் ஏற ஏற, பலன் சராசரியில் மிக லேசாகக் குறைந்துதான் போயிருந்தது. சிலர் மட்டும் மெல்ல மெல்ல முன்னேறியிருந்தார்கள். அவர்கள் எப்படி முன்னேறினார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

பத்தமடையில் பாய் நெய்கிறவரைப் பார். ஒரு கோரை விலகினால் அது அந்த நிமிடமே கண்ணில் படுகிறது. கை உடனே திருத்திக்கொள்கிறது. செய்த வேலை அவருக்கு உடனுக்குடன் பதில் சொல்கிறது. உனக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை. என் அறையிலிருந்து எழுந்து போகிறவர், மரியாதைக்காகவாவது "இப்போது பரவாயில்லை மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். பாதியில் வராமல் நின்றுவிட்டவருக்குக் குணமாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வது மிகவும் சுலபம். உன் வகுப்பிலோ "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது சார்" என்று ஓட்டுக்கூரை அதிரப் பதில் வரும். அந்தக் கூட்டுக் குரலுக்குள் எத்தனை பிள்ளைகள் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

உளவியலாளர் டேனியல் கானமன் நிபுணர்களின் உள்ளுணர்வைச் சந்தேகித்தவர். இன்னோர் உளவியலாளரான கேரி கிளைன் தீயணைப்புத் தளபதிகளுடன் பழகி, அதே உள்ளுணர்வை வியந்தவர். எதிரெதிர் அணியில் இருந்த இந்த இருவரும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் இதுதான்: தொழிலில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒழுங்கு இருக்க வேண்டும், செய்ததன் விளைவு காலம் தாழ்த்தாமல், தெளிவாகத் திரும்பி வர வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் வருடங்கள் கூடக் கூட, தன்னம்பிக்கை மட்டும்தான் வளரும்.

பத்தாயிரம் மணி நேரம் பழகினால் எதிலும் தேர்ச்சி வந்துவிடும் என்ற கணக்கையும் நீ கேள்விப்பட்டிருப்பாய். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய எண் அது. அங்கே அது வெறும் சராசரி. தன்னால் வாசிக்க முடியாத இடத்தைப் பிரித்தெடுத்து, ஆசிரியரின் காது சுட்டிக்காட்டியபடி திருத்தித் திருத்திப் பழகுவதைப் பற்றித்தான் எரிக்சன் பேசினார். எண் ஊரெல்லாம் பரவியது. அந்தக் காது மறந்துபோனது.

இப்போது உன் மூன்றாம் வகுப்புக்கு வருகிறேன். 'கொடி' என்பதை 'கெடி' என்று வாசிக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். கவனக்குறைவு என்று சொல்லி ஐந்து முறை எழுதச் சொன்னால் அவள் எழுதிக்கொண்டு வந்துவிடுவாள். உனக்கு ஒன்றும் தெரியவராது. ஒற்றைக்கொம்பைப் பார்த்ததும் அவள் கண் நின்றுவிடுகிறதா, பின்னால் வரும் துணைக்காலை அடுத்த எழுத்தின் பங்கென்று நினைக்கிறாளா? 'கெடு, காடு, கொடு' என்று கலந்து எழுதிக் காட்டு. துணைக்காலை மட்டும் விரலால் மூடித் திறந்து காட்டு. எந்த இடத்தில் தயங்குகிறாள் என்று பார். அவள் பக்கத்தில் இருக்கும் பையன் பிழையில்லாமல் வாசித்தால் அவனையும் நம்பிவிடாதே. படத்தை மூடிவிட்டு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல். பாடத்தை மனப்பாடமாகச் சொல்கிறானா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரே பிழைக்கு இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்று கண்டுகொள்ளும் கண்ணைத்தான் நான் தேர்ச்சி என்கிறேன். பாளையங்கோட்டையில் சுவெயின்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியைக் கடந்து போகும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். அங்கே வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "புரிந்தது" என்று சொல்ல வழியே கிடையாது. ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் கையையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

முனைஞ்சிப்பட்டியில் நீ ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது பாடக்குறிப்பு எழுதி, ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க, பாடம் நடத்தினாய். பணி ஆணை கைக்கு வந்த பிறகு, அதிகாரி ஆய்வுக்கு வரும் நாள் தவிர உன் வகுப்புக்குள் யாரும் வருவதில்லை. கற்றுக்கொள்ள மிகவும் தோதான வருடங்களில்தான், பின்னால் உட்கார்ந்து பார்த்த அந்தக் கண்ணை நாம் எடுத்துவிடுகிறோம். எனக்கு இது பெரிய ஆதங்கம். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடிப் பேசி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகளைக் கவனித்துக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அந்தப் பாடத்தையே அலசுவார்கள். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் உங்கள் குறுவள மையக் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிக்கும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினால் போதும் என்று தோன்றுகிறது. அந்த மூத்த ஆசிரியரையும் ஒரு நாள் உன் வகுப்பில் வந்து உட்காரச் சொல். "எப்படி நடத்த வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. "அந்தப் பையனை ஏன் அப்போது பலகைக்குக் கூப்பிட்டிருப்பீர்கள்?" என்று கேள், அவருக்கே தெரியாமல் அவரிடம் சேர்ந்திருப்பது வெளியே வரும்.

நாங்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். வருகிறவரின் அனுமதியோடு உரையாடலைப் பதிவு செய்து மேற்பார்வையாளரிடம் போட்டுக் காட்டுகிறோம். மௌனம் எங்கே விழுந்தது, அதை யார் கலைத்தார்கள் என்று அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்பார். ஒவ்வொரு சந்திப்பிலும் வருகிறவரிடம் ஒரு சிறிய கேள்வித்தாளைக் கொடுத்து, யார் பின்தங்குகிறார் என்பதை ஆலோசகருக்குத் தெரிவித்துவிட்டால், மோசமாகிறவர்களின் எண்ணிக்கை குறைகிறது. உளவியலாளர் மைக்கேல் லாம்பர்ட்டின் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

வரும் திங்கட்கிழமை ஒன்று செய். பாடம் தொடங்குவதற்கு முன்பே, எந்தெந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் தடுமாறும் என்று நோட்டில் பெயர் போட்டு எழுதி வை. பாடம் முடிந்ததும் ஒவ்வொருவராக வாசிக்கவிட்டுச் சரிபார். உன் கணிப்பு பலித்த பிள்ளைகளை விட்டுவிட்டு, அது தவறிப்போன பிள்ளைகளைப் பற்றி மட்டும் எனக்கு எழுது. ஏன் தவறியது என்று இரண்டு பேருமாக யோசிக்கலாம்.

அன்புடன்,
அக்கா