துண்டுக் கம்பியை நம்பி எழ வேண்டாம்: முதியோர் வீட்டு வசதி நிதிக்கு உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

எங்கள் குழுவில் ஒருவரின் அம்மா, எண்பதைத் தாண்டியவர், குளித்துவிட்டு ஸ்டூலிலிருந்து எழும்போது கைக்கு எட்டிய துண்டுக் கம்பியைப் பிடித்தார். துண்டின் பாரத்துக்கு அடித்த கம்பி அது, திருகாணியோடு கையில் வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் சொந்த வீட்டுக்கு அவரால் திரும்ப முடியவில்லை: வாசலில் மூன்று படி, குளியலறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது.

வீடா, முதியோர் இல்லமா என்று பேசுவதற்கு முன்னால் செய்யக்கூடியது இவ்வளவு இருக்கிறதே என்றுதான் இந்தப் பொது நிதியைத் தொடங்குகிறோம். முதல் வேலை கைப்பிடிக் கம்பி, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், 110 கிலோவாவது தாங்கும்படி சுவரில் ஊன்றியது. அடுத்தது சரிவுப்பாதை, இதில்தான் செலவு அதிகம், ஏனென்றால் ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும், மூன்று படி சேர்ந்து 21 அங்குலம் என்றால் 21 அடிக்குக் கட்ட வேண்டும், வாசலில் இடம் இல்லாவிட்டால் மடக்கித்தான் கட்ட முடியும். அப்புறம் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. 60 வயதுக் கண்ணுக்கு 20 வயதுக் கண்ணைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சம் தேவை.

பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் கேட்கிறோம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். மாதக்கணக்கில் இதைச் செய்கிற மகளோ மருமகளோ கணவரோ தன் உடம்புக்கு டாக்டரைப் பார்க்கக்கூட வெளியே போக முடிவதில்லை. அவர்கள் நாலு நாள் ஓய்வெடுக்க, பெரியவர்களைப் பயிற்சி பெற்ற ஆளோடு தங்கவைக்க, இரண்டு கட்டில் போட்ட ஓர் அறையைத் தயார் செய்யப்போகிறோம்.

சிலருக்கு இல்லம்தான் சரி. மறதி நோய் முற்றி, ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறவரை ஒரே ஆள் பார்த்துக்கொள்ள முடியாது. அப்படிச் சேர்த்தவர்களை யாரும் குறை சொல்லாதீர்கள்.

முடிந்ததைக் கொடுங்கள், சின்னத் தொகையும் எங்களுக்குப் பெரிதுதான். குழுவில் யாரிடம் கொடுத்தாலும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வரவு செலவை மாதாமாதம் எல்லோருக்கும் காட்டுவோம். கொத்து வேலை, பிளம்பிங் தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தந்தாலும் போதும். பரணில் கிடக்கும் வாக்கர், சக்கர நாற்காலி, காற்றுப் படுக்கை எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், தேவைப்படும் வீடுகளுக்கு இரவல் கொடுப்போம். வாக்கரின் கால் ரப்பர் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, புதிதாக மாட்டிக்கொள்கிறோம்.