மகஜரை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதாதீர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் ஆய்வாளர்களுக்கும் உதவி ஆய்வாளர்களுக்கும் திறந்த மடல்

வணக்கம்.

நாங்கள் எதிரிகள் (குற்றம்சாட்டப்பட்டவர்கள்) தரப்பில் வாதாடும் வழக்கறிஞர்கள். சோதனையைப் பற்றியும், சோதனை நடந்த இடத்திலேயே எழுத வேண்டிய மகஜரை, அதாவது கைப்பற்றிய பொருட்களின் பட்டியலைப் பற்றியும், கடைசியில் கைதைப் பற்றியும் எழுதுகிறோம். வழக்கின் பாதி சோதனையிலேயே முடிவாகிவிடுகிறது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 105, சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. பொருள் கிடைத்த காட்சி மட்டும் போதாது. பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் கையெழுத்திடுவதும் அதில் வர வேண்டும். வாசற்படி மிதிக்கும் முன்பே பதிவைத் தொடங்குங்கள். வெறுங்கையோடு உள்ளே போனது தெரிந்தால்தான் "அவர்களே கொண்டுவந்து வைத்தார்கள்" என்ற வாதம் நிற்காது. காவலரின் சொந்த செல்போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்தால், புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63(4) சான்றிதழில் காட்டும் ஹேஷ் எண் (கோப்பின் கைரேகை போன்ற அடையாள எண்) எந்த மூலத்துடையது என்பதற்குப் பதிலிருக்காது.

வாரண்ட் இல்லாமல் போகும்போது, காரணத்தை முன்கூட்டியே எழுதி, அதன் நகலை 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அனுப்ப வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 185). சாட்சிகள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். எல்லா மகஜரிலும் ஒரே வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் கையெழுத்திட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான். ஊரார் வர மறுத்தால் "யாரும் முன்வரவில்லை" என்று ஒரு வரியில் முடிக்காமல், எழுத்து மூலம் அழைத்துப் பெயரோடு பதிவு செய்யுங்கள்; காரணமின்றி மறுப்பது குற்றம் என்று பிரிவு 103 சொல்கிறது. பட்டியலின் நகலை வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

ஓசூர் அருகே மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடி வழியாக வரும் கஞ்சா வழக்குகளில் சறுக்குவது போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். பிரிவு 50-இல். பையையோ வண்டியையோ சோதிப்பதற்கு அது பொருந்தாது. உடலைச் சோதிக்கும்போது கட்டாயம். நடுவர் அல்லது கெஜட்டட் அலுவலர் முன்னிலையில் சோதிக்கக் கேட்பது பிடிபட்டவரின் உரிமை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே தாள் கொடுப்பதும், "இல்லையென்றால் எங்களோடு வந்த அதிகாரி முன்பு" என்று மூன்றாவது வழி காட்டுவதும் செல்லாதென உச்ச நீதிமன்றம் 2014-இல் பரமானந்த் வழக்கில் சொல்லிவிட்டது.

வரம்பு மீறிய சோதனை எதில் முடியும் என்பதை இந்த மண் அறியும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாயிருந்த 1992-இல், வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டை தேடி வாச்சாத்தி மலைக்கிராமத்துக்குள் போய், ஊராரைத் தாக்கி, பெண்களை வன்கொடுமை செய்தார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011-இல் தண்டிக்கப்பட்டார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில், ரிமாண்டுக்கு 2 மணி நேரம் முன்னதாகவாவது எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. அந்த இரு மொழிகளிலும் படிவம் அச்சடித்து ஒவ்வொரு நிலையத்திலும் வையுங்கள். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க நாங்கள் கட்டணமின்றி வருகிறோம்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்