வரிசையில் விட்டுப்போன இரண்டு கேப்டன்கள்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் நலம். எனக்கு மூட்டுவலிதான் இன்னும் விட்டபாடில்லை. மாலை நடை நின்றுபோய், அந்த நேரம் வாசிப்புக்குப் போகிறது.

இங்கிலாந்து கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் சிறந்த கேப்டன்கள் என்று நீ எழுதிய வரிசையைப் பார்த்தேன். பிரையன் ராப்சன், கண்டோனா, ராய் கீன். மூவரிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உன் வரிசை 1980களில்தான் தொடங்குகிறது. ஹாரி ஸ்டாஃபோர்டும் சார்லி ராபர்ட்ஸும் இல்லாத வரிசையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஸ்டாஃபோர்டின் காலத்தில் கிளப்பின் பெயர் நியூட்டன் ஹீத். ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணி, கடனில் மூழ்கிக் கிடந்தது. 1901இல் நிதி திரட்ட ஒரு சந்தை நடத்தினார்கள். கேப்டனின் செயின்ட் பெர்னார்ட் நாய் மேஜர், கழுத்தில் உண்டியலோடு கூட்டத்தில் சுற்றிவந்ததாம். அது தொலைந்துபோய், தேடப் போன இடத்தில்தான் மதுபான ஆலை அதிபர் ஜான் ஹென்றி டேவிஸின் பழக்கம் கிடைத்தது என்பார்கள். கதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 1902இல் கிளப்பை இழுத்து மூடும் நிலை வந்தபோது, ஆளுக்கு 500 பவுண்டு போட டேவிஸ் உள்ளிட்டோர் தயார் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவர் ஸ்டாஃபோர்ட்தான். அதே ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயரும் வந்தது. பின்னால் விதிமீறிப் பணம் கொடுத்த விவகாரங்களில், இங்கிலாந்து கால்பந்தை நிர்வகிக்கும் எஃப்.ஏ. அவரைத் தடை செய்தது உண்மைதான். அதற்காக அவர் செய்ததை மறந்துவிட முடியுமா?

ராபர்ட்ஸ் என் மனதுக்கு இன்னும் நெருக்கமானவர். 1904இல் கிரிம்ஸ்பி கிளப்பிலிருந்து வந்த சென்டர் ஹாஃப், அதாவது நடுவரிசையின் மையத்தில் ஆடுபவர். கால்சட்டை முழங்காலை மறைக்க வேண்டும் என்று எஃப்.ஏ. விதித்த காலத்தில் குட்டைக் கால்சட்டையோடு ஆடியவர். அவர் இருந்த அணிதான் 1908இலும் 1911இலும் லீக் பட்டம் வென்றது. 1909 ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பையும் வந்தது.

அந்தக் கோடையில்தான் பெரிய சண்டை. அப்போது எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கிடையாது. 1907இல் யுனைடெட்டின் டாமி பிளாக்ஸ்டாக் ஆட்டத்தின்போது சுருண்டு விழுந்து இறந்தார். குடும்பத்துக்கு இழப்பீடு எதுவும் இல்லை. அந்த ஆண்டு கடைசியில் யுனைடெட்டின் பில்லி மெரிடித்தும் ராபர்ட்ஸும் மற்றவர்களும் சேர்ந்து மான்செஸ்டரில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் தொடங்கினார்கள். 1909இல் சங்கத்தை விட்டு விலகு, இல்லையேல் தடை என்றது எஃப்.ஏ. மற்ற கிளப்களில் பெரும்பாலோர் விலகிவிட்டார்கள். யுனைடெட் ஆட்டக்காரர்கள் அசையவில்லை. சம்பளமும் நின்றது, மைதானமும் இல்லை. மான்செஸ்டரின் ஃபாலோஃபீல்ட் பகுதியில் தாங்களாகவே பயிற்சி செய்தார்கள். படம் எடுக்க ஒருவர் வந்தபோது, மற்றவர்கள் வரிசையில் நிற்பதற்குள் ராபர்ட்ஸ் ஒரு பலகைத் துண்டைத் தேடி எடுத்து, 'ஒதுக்கப்பட்டோர் கால்பந்து கிளப் 1909' என்று ஆங்கிலத்தில் எழுதி, அதைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சில மாதம் முன்பு கோப்பை வென்ற அணியின் கேப்டன்! புதிய சீசன் தொடங்கும் நேரத்தில் எஃப்.ஏ. இறங்கிவந்தது, சங்கம் பிழைத்தது. சம்பள உச்சவரம்பு உடைவதற்கு 1961 வரை ஆனது. அதை உடைத்ததும் அதே சங்கத்தின் தொடர்ச்சிதான்.

அவருக்கு என்ன கிடைத்தது? இங்கிலாந்துக்காக மூன்றே ஆட்டங்கள், எல்லாம் 1905இல். 1913இல் 1,500 பவுண்டுக்கு ஓல்டம் கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். பிறகு புகையிலைக் கடை வைத்தார். டக்வொர்த், ராபர்ட்ஸ், பெல் என்ற யுனைடெட்டின் நடுவரிசை மூவரின் பெயர்களையும் சேர்த்து 'டுக்ரோபெல்' என்று ஒரு சுருட்டுக்குப் பெயர் வைத்தார். கூட ஆடியவர்களை அவர் மறக்கவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு நிறைவு.

கோப்பைகளை எண்ணி கேப்டன்களை வரிசைப்படுத்தினால் கீன்தான் முதலில் வருவார், சரி. ஆனால் கிளப் இருப்பதற்கும், அதில் ஆடுகிறவன் தலைநிமிர்ந்து நிற்பதற்கும் காரணமானவர்களை எங்கே வைப்பாய்? என் வரிசையில் ராபர்ட்ஸ் முதலிடம், ஸ்டாஃபோர்ட் இரண்டாமிடம். உனக்கு உடன்பாடில்லை என்றால் காரணத்தோடு எழுது, சண்டை போடலாம். அப்புறம், தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மகள் வேலையில் சேரும் தேதியையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்