வகுப்பில் காட்டும் ஸ்லைடு இனி வீட்டுக்கும் வரும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டுத் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஸ்லைடு தயாரித்துக் கொண்டு வந்தாள். அவள் அப்பா கல் போடுகிற தொழிலாளி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவது, அச்சைத் தூக்கியதும் பூ கலையாமல் நிற்பது, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு இறுக்குவது, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது என்று ஒன்பது படங்கள். சூளையில் சுடாத கல்லுக்கு அந்தப் பளபளப்பைக் கண்ணாடிதான் தருகிறது என்று கடைசிப் படத்தில் எழுதியிருந்தாள்.

பென் டிரைவைப் பள்ளிக் கணினியில் செருகினோம். படம் வந்தது, தமிழ் வரவில்லை. வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடந்தது. வெளியே கொடுத்துப் பழைய ஃபான்டில் அடித்து வாங்கியிருக்கிறாள், அந்த ஃபான்ட் எங்களிடம் இல்லை. பிள்ளை படத்தைப் பார்த்து வாயாலேயே சொல்லி முடித்துவிட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அதனால் இந்தப் பருவத்திலிருந்து பென் டிரைவ் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதோடு வைரஸும் வருகிறது. ஆசிரியர்கள் ஸ்லைடுகளை கூகுள் ஸ்லைட்ஸில் வைத்து, லிங்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். வகுப்பறைக் கதவில் கியூஆர் கோடும் ஒட்டியிருக்கும். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரிதான், போனைக் காட்டினால் திறக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்த் திரும்பும் பிள்ளைகள் விட்டுப்போன பாடத்தை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இருக்கிற அப்பாவும் தன் பிள்ளை என்ன படிக்கிறது என்று அங்கிருந்தே பார்க்கலாம்.

பார்ப்பதற்குக் கணக்கோ பாஸ்வேர்டோ வேண்டியதில்லை. லிங்க் திறக்கும்போது பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்டால் அது எங்கள் லிங்க் இல்லை. உடனே மூடிவிட்டு வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

ஆசிரியர் தரும் லிங்கில் பார்க்க மட்டுமே முடியும், யாரும் கைவைக்க முடியாது. குழுவாகச் செய்யும் வேலைக்கு மட்டும் திருத்தும் அனுமதி கொடுப்போம். அதில் யாராவது தெரியாமல் அழித்துவிட்டாலும், முன்பு இருந்த நிலையைச் சேமித்து வைத்திருக்கும் பதிப்பு வரலாற்றிலிருந்து மீட்டுவிடலாம், அதற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். லிங்க் கையில் இருக்கிற எவரும் பார்க்கலாம் என்பதால், பிள்ளைகளின் முகம், முழுப்பெயர், வீட்டு முகவரி எதையும் ஸ்லைடில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இதில் உங்கள் துணையும் வேண்டும்.

பல வீடுகளில் ஒரே போன்தான் இருக்கிறது, அதுவும் வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் மறுநாளே முடிக்க வேண்டிய வீட்டுப்பாடம் எதையும் லிங்கை நம்பிக் கொடுக்க மாட்டோம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் இருபது நிமிடம் போனைக் கொடுத்தால் போதும். டேட்டா குறைவாக இருந்தால் பிடிஎஃப் கேளுங்கள், ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே பார்க்கலாம். போனே இல்லாத வீட்டுக்கு ஒரு தாளில் ஆறு ஸ்லைடு வருகிற மாதிரி அச்செடுத்துத் தருவோம். காசு கிடையாது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று, தமிழில் அடிப்பது. வெளியே கொடுத்து அடித்தால் 'யூனிகோடில் அடியுங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை அது. உங்கள் போனில் தமிழ் கீபோர்டு இருந்தால் அதுவும் யூனிகோடுதான், எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குக் கணினி அறையில் இதையெல்லாம் செய்து காட்டுகிறோம். போனைக் கையோடு கொண்டு வாருங்கள். அப்பத்தா, ஐயா யார் வந்தாலும் சரி. முதலில் காட்டப்போவது ஆத்தங்குடிக் கல் ஸ்லைடைத்தான், அந்த மாணவி முழுவதையும் யூனிகோடில் திரும்ப அடித்துவிட்டாள். அவள் அப்பாவும் ஓர் அச்சு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்