மண் எங்கே அள்ளியது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நாலு பழைய கல்லுக்காகப் பிரித்தானியா ஒரு வீதியையே கைவிட்டது என்று கடந்த ஞாயிறு, இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பிழை. அதன் அருகே போகும் ஏ303 வீதியைச் சுமார் 3.3 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் இறக்கும் திட்டம் 2024 ஜூலையில் நின்றது, அரசிடம் அதற்குப் பணம் இல்லாததால். கல்லுக்காக நின்றவர்கள் 2021இல் நீதிமன்றத்தில் வென்றார்கள். அப்படியிருந்தும் 2023இல் அரசு திரும்ப அனுமதி கொடுத்தது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் 'நாலு கல்' என்று எழுதியதுதான் மனதை நோகடிக்கிறது.

என் அம்மம்மா வீடு யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து தொல்பொருள் தேடி அகழ்ந்த ஊர். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் ஒழுங்கையை உயர்த்த டிப்பரில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். மழை பெய்து விட்ட காலையில் பார்த்தால், மண்ணுக்குள் சட்டி ஓடுகள். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. அது பழங்காலத்துச் சட்டி என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மண் எங்கே அள்ளியது என்று கொந்தராத்துக்காரரிடம் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு ரோட்டு வேணுமோ, சட்டி வேணுமோ?" என்றார். இரண்டு நாளில் ரோலர் ஓடி முடிந்தது. ஒரு சொப்பிங் பை நிறையப் பொறுக்கி, வரலாறு படிப்பிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவரும் கேட்டது அதே கேள்விதான், எந்த இடத்து மண்? இடம் தெரியாவிட்டால் அந்த ஓடுகளை வைத்து அவரால் எதுவும் சொல்ல முடியாது. என்னிடம் பதில் இல்லை.

வீதி வேண்டாம் என்கிறேனா? முழங்கால் வெள்ளத்தில் அம்மம்மாவை அந்த ஒழுங்கையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் நான். வீதி போகும் தடத்தையாவது நாலு பேர் பார்க்கிறார்கள். அதற்கு மண் கொடுக்கும் காணியை யார் பார்க்கிறார்கள்?

2020இல் குருநாகலில் புவனேகபாகு மன்னனின் பழைய அரசவைக் கட்டடம் வீதி அகலிக்கும் வேலையில் இடிபட்டபோது இதையேதான் எழுதினேன். நீங்கள் போடவில்லை. அந்தக் கிழமை முழுக்க யார் இடித்தது என்ற அரசியல் சண்டைதான் உங்கள் பக்கங்களில் வந்தது.

சரி, இப்போது கேட்பது சின்ன விஷயம். வீதித் திறப்பு விழாப் படம் போடும்போது, மண்ணும் கிரவலும் எந்தக் காணியில் அள்ளியது, அள்ளுமுன் தொல்பொருள் திணைக்களம் பார்த்ததா என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும். ஸ்டோன்ஹெஞ்ச் செய்தியையும் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, வெள்ளவத்தை